அணைந்த விளக்கும் அணையாத மின்சாரமும்

இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் வீட்டு வயரிங்; அதனுள்ளும், சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையே ஓடும் கம்பிகளில் பழுது நேரும்போது உயிருக்கு ஊறு நேராமல் அதை எவ்வாறு கண்டறிவது என்னும் கேள்வி. விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை என்பவை எந்த வீட்டிலும் நிகழ்வனவே. ஆயினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால ஆண்டறிக்கைகள், இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போரின் எண்ணிக்கை ஆண்டொன்றுக்கு 12,000-ஐத் தாண்டுவதாகக் காட்டுகின்றன. வயல்வெளியில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து உயிர் விடுவோரும் உண்டு. வீட்டுக்குள் நாற்காலி மேல் ஏறி நின்று ஹோல்டரைத் தொட்டு உயிர் விடுவோரும் உண்டு.

இவ்வுரை முழுவதும் வலியுறுத்தப்போவது ஒன்றுதான். விளக்கு அணைந்திருப்பது வேறு. கம்பியில் மின்சாரம் இல்லாதிருப்பது வேறு. முன்னது கண்ணுக்குத் தெரிவது. பின்னது சோதித்து அறிய வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்ளும் பழக்கமே பழுது பார்ப்பவரின் முதல் பகை.

அடிப்படையைச் சற்று விளக்கிக்கொள்வது நலம். புதுச்சேரி மின்துறையின் கம்பத்திலிருந்து ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று பேஸ், வயர்மேன்கள் லைன் என்று சொல்வதும் அதையே. மற்றொன்று நியூட்ரல், மின்மாற்றியின் அருகில் மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஒழுங்காக உள்ள இணைப்பில் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய மண்ணின் அழுத்தமாகவே இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே 230 வோல்ட் அழுத்தம், நொடிக்கு 50 சுழற்சி என்ற அளவில் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதாகிய எர்த் கம்பி, வீட்டருகே மண்ணில் புதைத்த குழாயிலிருந்தோ தகட்டிலிருந்தோ புறப்பட்டு, கிரைண்டர், கீசர், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றின் உலோக உடலைத் தொட்டு நிற்கிறது. பேஸ் கம்பியின் காப்புறை பழுதுபட்டு மின்சாரம் உலோகத்தில் ஏறும் நாளில், அதை மனித உடல் வழியே போகவிடாமல் தானே ஏற்று மண்ணுக்கு இறக்குவது அதன் கடமை.

மனித உடலுக்கு எவ்வளவு மின்சாரம் ஆபத்து? ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லி ஆம்பியர் ஒன்று பாய்ந்தால் சுரீரென்று உறைக்கும். பத்தைத் தாண்டினால் விரல் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாமற்போகும். முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சுத் திணறி, இதயத் துடிப்பு ஒழுங்கு குலையும் நிலை நெருங்கும். ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்த நிலையில் உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அதனுள் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். கூடத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு எடுத்துக்கொள்வதோ 40 மில்லி ஆம்பியரை ஒட்டிய அளவுதான். அவ்வளவு சிறிய விளக்கை எரிக்கும் மின்சாரமே ஓர் உயிரை எடுக்கப் போதுமானது.

அப்படியானால் மின்பெட்டியில் இருக்கும் எம்சிபி என்ன செய்கிறது? விளக்குச் சுற்றுக்கு வழக்கமாக வைக்கப்படும் 6 ஆம்பியர் எம்சிபி, 6,000 மில்லி ஆம்பியரைத் தாண்டிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். 230 மில்லி ஆம்பியர் அதன் கவனத்துக்கே வராது. எம்சிபியும், பழைய வீடுகளில் அதன் இடத்தில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல. ஆளைக் காக்க வந்தது ஆர்சிசிபி எனப்படும் கசிவுத் துண்டிப்பான். பேஸ் வழியே போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இணைப்பை அறுத்துவிடுகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல், பிடித்த கம்பியைக் கை விட முடியாமற்போகும் அளவு எதுவென்று, தாமே முன்வந்தவர்களைக் கொண்டு அளந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1961-இல் அவர் உருவாக்கிய கருவி இந்தக் கொள்கையில் அமைந்தது. ஆயினும் ஆர்சிசிபிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்துவிட்டால், போன மின்சாரம் அப்படியே திரும்பிவிடுவதால், அக்கருவியின் கணக்கில் அவரும் எரிகின்ற ஒரு பல்புதான்.

இனிப் புதுச்சேரியின் வீடுகளைப் பார்க்கலாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் தடித்த சுண்ணாம்புச் சுவரும் கொண்ட பிரெஞ்சுப் பாணி வீடுகள். மேற்கே வைசியாள் வீதி போன்ற தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் அமைந்த தமிழ் வீடுகள். இரண்டிலும் மரத்தூலங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இவ்வீடுகள் மின்சாரத்தை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. மின்சாரம் பின்னால் வந்து சுவர்மேல் ஏறிக்கொண்டது. முதலில் மரப்பட்டிக்குள் ரப்பர் உறையிட்ட கம்பிகள். பிறகு தேக்குச் சட்டத்தில் தகரக் கிளிப் அடித்துப் படுக்கவைத்த கம்பிகள். அதன் பிறகு பிவிசி குழாய். கடைசியாகச் சுவரைக் கொத்தி உள்ளே மறைத்த குழாய். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய காலத்தில் போட்ட கம்பியும் சென்ற ஆண்டு குளிர்சாதனத்துக்காக இழுத்த கம்பியும் ஒரே சுவரில் அக்கம்பக்கமாக ஓடும் வீடு இந்நகரில் இருந்தால் அதில் வியப்பில்லை.

இந்த அடுக்குகள் சந்திக்கும் இடங்களே பழுதின் பிறப்பிடங்கள். நீண்ட கம்பி நடுவில் தானாக அறுவது அரிது. எலி கடித்தாலன்றி, ஆணி அடித்தாலன்றி அது பெரும்பாலும் நடப்பதில்லை. ஜாயிண்டில்தான் பழுது வரும். ஜங்ஷன் பாக்ஸிலும், சுவிட்சின் திருகிலும், சீலிங் ரோஸிலும், ஹோல்டரிலும் வரும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் திருகின் கீழ் உள்ள செம்பைப் பச்சை பூக்கச் செய்கின்றன. பச்சை பூத்த செம்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. தடுத்த இடம் சூடேறுகிறது. சூடேறிய திருகு தளர்கிறது. தளர்ந்த திருகு மேலும் சூடேறுகிறது. செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கிச் சேர்த்த இடத்தில் இந்த அழிவு இன்னும் விரைவு.

சூடேறிய சுவிட்சு போர்டிலிருந்து வரும் வாடை பலருக்கு மீன் வாடை போலவே தோன்றும். கருகும் பிளாஸ்டிக்கின் வாடை அது. மீன் சமைக்காத நாளில், அடுப்படிக்குத் தொலைவான அறையில் அவ்வாடை வந்தால், கடற்கரை ஊர்தானே என்று தள்ளிவிடாமல் மெயினை அணைக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சு போர்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய், வெதுவெதுப்பாக இருப்பது எது, மஞ்சளித்திருப்பது எது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வயர்மேனை அழைக்க வேண்டும்.

சுவிட்சைப் பொறுத்தவரை முதலில் அறிய வேண்டிய விதி இது: பேஸ் சுவிட்சுக்குப் போக வேண்டும், சுவிட்சிலிருந்து புறப்படும் கம்பி விளக்குக்குப் போக வேண்டும், நியூட்ரல் சுவிட்சைத் தொடாமல் நேரே விளக்குக்குப் போக வேண்டும். இதை மாற்றி, நியூட்ரலைச் சுவிட்சில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? விளக்கு எரியும். சுவிட்சை அணைத்தால் அணையும். ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அணைத்த நிலையிலும் ஹோல்டரின் முனையில் 230 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். பல்பு மாற்ற ஏறுபவர், சுவிட்சை அணைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில், உயிருள்ள பித்தளை முனையில் விரலை வைக்கிறார். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே, பேஸோடு சேர்ந்து துண்டிக்கும் இணைப்புச் சுவிட்சு தவிர, நியூட்ரலில் தனிச் சுவிட்சோ தனி ஃபியூஸோ வைக்கக் கூடாது என்று தடுத்திருந்தன. ஆயினும், பேஸுக்கொன்று நியூட்ரலுக்கொன்று என இரண்டு ஃபியூஸ் கட்டைகள் இருக்கும் பழைய பலகைகளைக் காணும்போதெல்லாம், நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போன நிலையில் வீடு முழுவதும் இருண்டு, வீடு முழுவதும் உயிரோடு இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தத் தவற்றை எல்இடி பல்புகள் இப்போது காட்டிக்கொடுக்கின்றன. சுவிட்சை அணைத்த பின்னும் இருட்டில் மங்கலாக மினுக்கும் பல்புகளைப் பற்றிப் பலர் கடைக்காரரிடம் குறை சொல்கின்றனர். பல்பு மட்டமானது என்று முடிவும் செய்கின்றனர். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். சுவிட்சில் உள்ள சிறு செந்நிற இண்டிகேட்டர் வழியே நுண்ணிய மின்சாரம் போகலாம். நீண்ட குழாயில் அடுத்தடுத்து ஓடும் கம்பிகளுக்கிடையே தொடாமலே சிறிது மின்சாரம் தாவலாம். அல்லது, சுவிட்சு நியூட்ரலில் இருக்கலாம். முதலிரண்டு தொல்லை, மூன்றாவது ஆபத்து. மெயினை அணைத்து, சுவிட்சு போர்டைத் திறந்து, சுவிட்சுக்கு வரும் கம்பி எது என்று வயர்மேன் ஒருவர் பார்த்துவிட்டால், இது எதுவென்று தெளிந்துவிடும். பழைய இந்திய வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ் நிறங்கள், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் கையில் கிடைத்த நிறத்தை இழுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு என்பதால், நிறம் ஒரு குறிப்பே அன்றிச் சான்று அன்று.

வயர்மேன்களின் அனுபவத்தில் அடிக்கடி வரும் ஒரு பழுதைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். ஓர் அறையில் எதுவும் வேலை செய்யவில்லை. பிளக் பாயிண்டின் வலப்புறத் துளையில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது. அது பேஸ், எரிய வேண்டியதுதான். இடப்புறத் துளையில் வைத்தாலும் எரிகிறது. இரண்டு பக்கமும் கரண்ட் வருகிறது, ஒன்றும் ஓடவில்லை என்று வீட்டார் திகைக்கின்றனர். இரண்டு பேஸ் எங்கிருந்து வந்தன? இரண்டு பேஸ் வரவில்லை. நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. அறையில் ஆன் நிலையில் இருக்கும் விசிறியின் சுருள் வழியாகவோ விளக்கின் வழியாகவோ பேஸ் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அறுந்த இடம் வரை நியூட்ரல் கம்பியில் வந்து நிற்கிறது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, செருகியிருக்கும் பிளக்குகளையும் உருவிவிட்டால், இடப்புறத் துளையில் டெஸ்டர் எரிவது நின்றுவிடும். அங்கேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

இடம் எது என்பதை அடுத்துக் காண வேண்டும். மின்பெட்டியிலிருந்து கம்பி எந்த வரிசையில் அறைகளுக்குப் போகிறது என்று கேட்டறிந்து, கடைசியாக வேலை செய்யும் பாயிண்ட் எது, முதலில் வேலை செய்யாத பாயிண்ட் எது என்று குறிக்க வேண்டும். பழுது இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஜாயிண்டில் இருக்கும். அல்லது இவ்விரண்டில் ஒன்றின் திருகில் இருக்கும். வீடு முழுவதையும் கொத்திப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளைத் திறந்தால் போதும். ஆனால் அவற்றைத் திறக்கும்போது, கறுப்புக் கம்பிதானே என்று வெறுங்கையால் தொடுபவர் தொடுவது நியூட்ரலை அன்று. நியூட்ரல் உடுப்பில் நிற்கும் பேஸை.

டெஸ்டரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அதனுள் ஒரு சிறு நியான் விளக்கும், பல லட்சம் ஓம் மின்தடை ஒன்றும் உள்ளன. நுனியில் வரும் மின்சாரம் அத்தடையால் மிக மெலிந்து, தொடுபவரின் விரல் வழியே மண்ணுக்குப் போகும்போது விளக்கு எரிகிறது. உலர்ந்த மர முக்காலியில் நிற்பவருக்கு அது எரியாமற்போகலாம். முற்றத்து வெயிலில் எரிவது கண்ணுக்குத் தெரியாமற்போகலாம். உள்ளிருக்கும் தடை பழுதானால் டெஸ்டரே ஆபத்தாகலாம். ஆகவே சோதனைக்கு மூன்று படிகள் உண்டு. மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த பாயிண்டில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் கம்பியில் வைத்துப் பார்க்க வேண்டும். மீண்டும் முதல் பாயிண்டுக்கே திரும்பி, கருவி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது படியை விட்டவர் இரண்டாவதை நம்ப முடியாது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று காட்டும் மல்டிமீட்டர் கையில் இருந்தால், நியான் விளக்கு மறைக்கும் பலவற்றை அது எண்ணாலேயே சொல்லிவிடும்.

மெயினை அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இன்று போதாது. இன்வெர்ட்டர் இல்லாத வீடு நகரில் குறைந்துவருகிறது. மெயினை அணைத்த நொடியிலேயே, மின்வெட்டு என்று கருதி, இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை எடுத்து விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் அனுப்பத் தொடங்கிவிடுகிறது. மெயினும் அணைய வேண்டும். இன்வெர்ட்டரும் அணைய வேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் அதன் சுவிட்சும் அணைய வேண்டும். அணைத்த பிறகு, கீழே ஒருவர் தெரியாமல் வந்து ஏற்றிவிடாதபடி, மின்பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டி, வேலை நடக்கிறது, தொடாதீர்கள் என்று எழுதி வைப்பது கூச்சப்பட வேண்டிய செயல் அன்று. பெரிய ஆலைகளில் பூட்டே போடுகிறார்கள்.

எம்சிபியோ ஆர்சிசிபியோ விழுந்துவிட்டது, அதாவது ட்ரிப் ஆகிவிட்டது என்றால், அது விழுந்த விதமே பழுதின் வகையைச் சொல்லும். ஏற்றிய நொடியிலேயே எம்சிபி விழுந்தால் பேஸும் நியூட்ரலும் எங்கோ நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அதுவே ஷார்ட். பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் சுமை மிகுதி. ஒரு குடும்பம் இரண்டு விசிறியோடு வாழ்ந்த பழைய மாளிகை இன்று விருந்தினர் விடுதியாகி, அறைக்கொரு குளிர்சாதனமும் 2,000 வாட் கீசரும் பழைய கம்பியிலேயே தொங்குகிற இடங்களில் இதைக் காணலாம். கீசர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அங்கே எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிப் பெரிய அளவில் ஒன்றை மாட்டுவது, கம்பியைக் காக்கும் காவலரை நீக்கிவிட்டு வீட்டைத் தீயிடம் ஒப்படைப்பதாகும். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்பு இழையைச் சுற்றுவதும் அதே குற்றம்.

மழை நாளில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறதா? கசிவு ஈரத்தால் வருகிறது; மாடியில் உள்ள வெளி விளக்கையும் தோட்டத்துப் பிளக்கையும் முதலில் ஐயுற வேண்டும். எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாக எம்சிபிகளை ஏற்றிக்கொண்டே வந்தால், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. எல்லாம் இறங்கியிருக்கும்போதும் விழுந்தால்? வயர்மேன்களே இங்கே தடுமாறுவதுண்டு. சாதாரண எம்சிபி பேஸை மட்டும் துண்டிக்கிறது. நியூட்ரல் துண்டிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. எங்கோ ஓர் ஈரச் சுவரில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபி அணைந்திருந்தும் ஆர்சிசிபி விழக்கூடும். அந்நிலையில், மின்சாரம் முழுவதையும் துண்டித்த பிறகு, நியூட்ரல் கம்பிகளை, அவை ஒன்றுசேரும் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து பார்ப்பதே வழி. அது வயர்மேனின் வேலை.

புதுச்சேரிக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல இங்கு உள்ளன; பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் காபி இயந்திரமும் இஸ்திரிப்பெட்டியும் கொண்டுவருகின்றனர். பிரான்சிலும் 230 வோல்ட், 50 சுழற்சி என்பதால் அவை இங்கும் வேலை செய்யும். வேலை செய்வதே வினையாகிறது. இந்திய மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கும் நீண்ட தடித்த முள் எர்த். பிரெஞ்சுப் பிளக்கில் இரண்டு முட்களே உண்டு. எர்த் முள் அந்நாட்டில் சுவரிலிருக்கும் சாக்கெட்டிலிருந்து நீண்டு, பிளக்கில் உள்ள துளைக்குள் நுழைகிறது. அப்பிளக்கை இங்குள்ள சாக்கெட்டில் செருகினால், இரண்டு முட்களும் பொருந்திவிடும். எர்த் துளை வெறுமனே காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். உலோக உடல் கொண்ட இஸ்திரிப்பெட்டி எர்த் இல்லாமல் ஓடுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. மேல்துளையில் பேனா மூடியையோ குச்சியையோ விட்டு, கீழ்த்துளைகளின் அடைப்பைத் தள்ளிக்கொண்டு செருகும் வழக்கமும் காணப்படுகிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். எர்த் தொடர்போடு கூடிய உரிய அடாப்டரை வாங்க வேண்டும். அல்லது வயர்மேனைக் கொண்டு பிளக்கை வெட்டி, மூன்று முள் பிளக்கை மாட்டிக்கொள்ள வேண்டும். எர்த் குழியும் கவனத்துக்குரியது. கடலோர மண்ணின் உப்பும் ஈரமும் மின்சாரம் எளிதில் இறங்க உதவுகின்றன; அதே உப்பு துத்தநாகம் பூசிய குழாயை விரைவில் அரித்தும் விடுகிறது. மேலே கம்பி பளபளப்பாகத் தெரிந்தாலும் மண்ணுக்குள் குழாய் இருக்கிறதா என்பதை அளந்தே அறிய முடியும்.

மாடிப்படி விளக்குக்கு வருவோம். அங்கே இரண்டு சுவிட்சுகள் ஒரு விளக்கை ஆள்கின்றன. முறையான டூவே இணைப்பில் பேஸ் ஒரு சுவிட்சின் நடு முனைக்கு வரும். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே இரண்டு கம்பிகள் ஓடும். மறு சுவிட்சின் நடு முனையிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி போகும். நியூட்ரல் நேரே விளக்குக்குப் போகும். கம்பியை மிச்சப்படுத்துவதற்காக, கீழே இருக்கும் போர்டிலிருந்து பேஸையும் நியூட்ரலையும் ஒரு சுவிட்சுக்கும், மாடிப் போர்டிலிருந்து பேஸையும் நியூட்ரலையும் மறு சுவிட்சுக்கும் கொடுத்து, இரண்டின் நடு முனைகளையும் விளக்கில் மாட்டுவோர் உண்டு. விளக்கின் இரு முனைகளும் பேஸில் நிற்கும்போதும் அது எரியாது. அணைந்த விளக்கின் இரண்டு முனைகளிலும் உயிர்! கீழ்த்தளத்து எம்சிபியை மட்டும் அணைத்துவிட்டு ஏறுபவருக்கு மாடியிலிருந்து மின்சாரம் வரும். இப்படி அமைந்த இணைப்பை விட்டுவைக்காமல் மாற்றியே ஆக வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, தெருக்களிலும் வீடுகளிலும் நீர் புகுந்ததையும் அவையோர் மறந்திருக்க மாட்டார்கள். நீர் வாசலுக்கு வருமுன் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். அணைக்கத் தவறி நீர் உள்ளே நின்றுவிட்டால், அந்நீரில் இறங்கி மெயினைத் தேடக் கூடாது. மின்துறையினரே கம்பத்தில் துண்டிக்கட்டும். வடிந்த பிறகு, மேலே உலர்ந்து தெரியும் சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாரக்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். நீரில் மூழ்கிய எம்சிபியும் ஆர்சிசிபியும் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டத் தக்கவை அல்ல. புதிதாக வாங்கியே ஆக வேண்டும்.

மின்சாரம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைக்க இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

பல்பு மாற்றுவதும், எம்சிபியை ஏற்றி இறக்கிப் பழுதான சுற்றை இனங்காண்பதும், ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி அது விழுகிறதா என்று பார்ப்பதும், சூடு, வாடை, நிற மாற்றம் ஆகியவற்றைக் குறித்துச் சொல்வதும் வீட்டாருக்கு உரியவை. பெட்டியைத் திறப்பதும், கம்பியைப் பிரிப்பதும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரருக்கும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனுக்கும் உரியவை. சட்டம் அப்படிச் சொல்கிறது என்பதோடு, அவரிடம் மெக்கர் இருக்கிறது என்பதும் காரணம். மெக்கர் என்பது 500 வோல்ட் கொடுத்துக் காப்புறையின் வலிமையை அளக்கும் கருவி. வயரிங்கின் காப்புத் தடை, 50-ஐப் பாயிண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது வழக்கில் உள்ள அளவு. 20 பாயிண்ட் உள்ள வீட்டுக்கு 2.5 மெகா ஓம். ரப்பர் உறை பொடியாய் உதிரும் கம்பிகள் அந்த அளவைத் தொடுமா என்று ஐயமிருந்தால், கூலி கொடுப்பதற்கு முன் வீட்டார் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதோடு, எந்த எம்சிபி எந்த அறைக்கு, எது இன்வெர்ட்டரில், மாடிப்படி விளக்கு எதில் என்று தமிழில் எழுதிய ஓர் அட்டையை மின்பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டித் தரும்படியும் கேட்க வேண்டும். அட்டையில் உள்ளது உண்மைதானா என்பதை, அந்த வயர்மேன் வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே, ஒவ்வொரு எம்சிபியாக இறக்கி ஒவ்வோர் அறையாகச் சென்று பார்த்துவிடலாம்.